58-ம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: போதகர்களுக்கும் சபைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் குருக்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

தவக்காலத்தின் 40 நாளையும் நாம் கருத்தாகத்தான் அனுசரிக்கிறோம். உபவாசம், தியானக் கூட்டம், பாடல் பயிற்சி என்று ஒன்றும் குறைவதில்லை. அடுத்து வருகிற உயிர்ப்புக் காலம் நாட்காட்டியில் 50 நாள், நடைமுறையில் ஒரே ஒரு விடியற்காலை. காலைச் சாப்பாட்டோடு அதுவும் முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு பிரசங்கம் வேறு எங்கோ போயிருக்கும். ஆதிச் சபை இதை இப்படி நடத்தவில்லை. கி.பி. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 20-ம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே வரையுள்ள நாட்களிலும் யாரும் முழங்காலிடாமல் நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்கிறது. முழங்காலுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எழுந்தவரின் ஜனம் எழுந்து நிற்கட்டும் என்பதுதான். ஏழு வாரம் அதை உடம்பாலேயே படித்தார்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். உயிர்த்தெழுதலைச் சாவுக்குப் பிறகு எடுத்துக்காட்டும் அனுமதிச் சீட்டாக மட்டும் பிரசங்கிக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் ஒருவன் எதை நம்பி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்பதற்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

உயிர்த்தெழுதலைப் பற்றிப் பவுல் எழுதிய முதல் கொரிந்தியர் 15-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 58 வசனம். நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் ஏறக்குறைய பத்து நிமிடம்தான். ஈஸ்டர் பிரசங்கங்கள் பெரும்பாலும் 3 முதல் 8 வரையுள்ள வசனங்களில் நின்றுவிடும். கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியில் பவுல் என்று சாட்சிகளை வரிசையாக அடுக்குவோம். கல்லறை காலியாக இருந்தது, ஆகவே நம்புங்கள் என்று முடிப்போம். வாதம் சரியானதுதான், அதைத் தள்ளச் சொல்லவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால், போன மாதம் வேலை போனவன் வரலாற்றுச் செய்தி ஒன்றைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான், அவ்வளவே.

அந்த அதிகாரத்தில் 'விருதா' என்ற சொல்லை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 10-ம் வசனத்தில் தனக்கு அருளப்பட்ட கிருபை விருதாவாயிருக்கவில்லை என்கிறார் பவுல். 14-ல் கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா. 58-ல் கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது. மூன்று இடத்திலும் கிரேக்கச் சொல் ஒன்றே, வெறுமை என்று பொருள். அவர் கட்டுகிற வாதம் இதுதான்: கல்லறை வெறுமையாயிற்று, ஆகவே உன் உழைப்பு வெறுமையாகாது. நோயாளித் தாயை வருடக்கணக்காகப் புரட்டிப் படுக்கவைக்கிற மகளுக்கும், படிப்பு ஏறாத பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப எழுத்து சொல்லிக்கொடுக்கிற ஆசிரியைக்கும் இந்த ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். இதனாலெல்லாம் என்ன பயன் என்பதுதானே அவர்களை உள்ளுக்குள் அரிக்கிற கேள்வி?

அடுத்தது அடக்க ஆராதனை. உயிர்த்தெழுதலைப் பேச வேண்டிய இடத்திலேயே அதை அதிகமாகக் கோட்டைவிடுகிறோம். "இது வெறும் கூடு, ஆத்துமா பறந்துவிட்டது" என்று சவப்பெட்டியைக் காட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவது ஆத்துமா தப்பித்துப் போவதையா? சரீரம் உயிர்த்தெழுவதை அல்லவா! பவுல் எடுத்த உவமை விதை. மண்ணுக்குள் போனதற்கும் முளைத்து வருவதற்கும் உருவம் வேறு, ஆனால் தொடர்பு அறுவதில்லை. உயிர்த்த இயேசுவின் கைகளிலும் விலாவிலும் காயத்தின் அடையாளம் இருந்தது, தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். கடவுள் இந்த உடலை எறிந்துவிட்டு வேறொன்று செய்வதில்லை. பட்ட காயத்தைக்கூட வீணாக்குவதில்லை.

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசருவின் கதையைச் சொல்லி, உயிர்த்தெழுதலும் "இதுபோல்தான்" என்று முடிப்பதும் தவறு. லாசரு திரும்பிவந்தது பழைய வாழ்க்கைக்கு, அவர் மறுபடியும் மரித்திருப்பார். கிறிஸ்துவோ இனி மரிப்பதில்லை என்கிறது ரோமர் 6:9. இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால், ஜெபித்தும் பிழைக்காத பிள்ளையின் பெற்றோர், தங்கள் விசுவாசம்தான் போதவில்லையோ என்று குமைந்துபோவார்கள்.

துக்க வீட்டில் எப்படிப் பேசுவது என்பதற்கு எம்மாவு வழியைவிட நல்ல பாடம் இல்லை. துக்கத்தோடு எம்மாவுக்கு நடந்த இரண்டு சீடரோடு, அவர்கள் அறியாமலே உயிர்த்த இயேசு சேர்ந்து நடக்கிறார். லூக்கா 24-ஐ வசனம் வசனமாகக் கவனியுங்கள். 17-ல் இயேசு கேட்கிறார். 19-ல், எல்லாம் தெரிந்தவரே, மறுபடியும் "எவைகள்?" என்று கேட்கிறார். 24 வரை அவர்களே பேசுகிறார்கள், 25-ல்தான் அவர் வாய் திறந்து விளக்குகிறார். நடுவில் 21-ம் வசனத்தில் அவர்கள் வாயிலிருந்து வருவது, "நம்பியிருந்தோம்". இறந்தகாலம். அந்த இறந்தகாலத்தை அவர் இடைமறிக்கவில்லை. நம்மில் பலர் 25-ல் ஆரம்பித்துவிடுகிறோம்.

ஆகவே முதல் சந்திப்பை 20 நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் பேசட்டும். வாசிப்புக்கு முதல் தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரை ஆறு வசனம் போதும். 13-ம் வசனம் அழக் கூடாது என்று சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டவர் இயேசு. "தேவனுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்" என்பதையும் விட்டுவிடுங்கள். முதல் கொரிந்தியர் 15:26 மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறது. சத்துருவைக் கடவுளின் வேலையாளாக்கிப் பேசினால் ஆறுதல் வராது, கோபம்தான் வரும், அந்தக் கோபமும் நியாயமானது.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். நீங்கள் கட்டாயம் தேவைப்படுவது அதற்குப் பிறகு. ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து, இறந்தவரின் பிறந்தநாளில், முதல் ஈஸ்டரில், ஆண்டு நிறைவில் என ஐந்து தேதிகளை அடக்கம் முடிந்த அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். நினைவில் இருக்கும் என்று விட்டால் இருக்காது.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். "போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி", "சீக்கிரம் கர்த்தரிடம் போய்விட வேண்டும்" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு ஆமென் சொல்லிவிடாதீர்கள். மனச்சோர்வு விசுவாச மொழியிலும் பேசும். தனியாக உட்காரவைத்து, "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பேச ஒரு வாசல்தான் திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபமும் மாத்திரையும் போட்டிக்காரர்கள் அல்ல. சரீரத்தை எழுப்புகிறவர் மூளைக்கும் கடவுள்தான். பரலோகத்தை மட்டும் இனிக்கப் பேசி இந்த உலகத்தைக் காத்திருப்பு அறையாக்கிவிட்டால், உடைந்த மனம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவு பயங்கரமானதாக இருக்கலாம்.

இனி அந்த ஏழு வாரங்கள். தோட்டத்தில் மரியாள், தோமா, எம்மாவு ஆகிய மூன்றும் முதல் மூன்று ஞாயிறுக்கு. நான்காவதற்கு, உயிர்த்த இயேசு கடற்கரையில் சீடர்களைச் சந்திக்கிற யோவான் 21. அதில் 153 மீன்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல் கரையிலிருந்த கரிநெருப்பைப் பாருங்கள். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இரண்டே இடத்தில். ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த முற்றம் (யோவான் 18:18). மற்றொன்று இந்தக் கரை. தோற்ற இடத்தின் வாசனையிலேயே பேதுருவை நிற்கவைத்து, "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்றுமுறை கேட்டு, மூன்றுமுறை வேலை கொடுக்கிறார் இயேசு. குற்ற உணர்வோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதுதான் ஈஸ்டர். ஐந்து, ஆறு ஞாயிறுகளை முதல் கொரிந்தியர் 15-க்கு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். ஏழாவதில் சபையார் செய்த வேலையைக் கேளுங்கள்.

என்ன வேலை? உயிர்ப்பு ஞாயிறன்றே விருப்பமுள்ளவர்களுக்குச் சின்னதாக ஒன்றைக் கொடுங்கள்: இருவர் சேர்ந்து, ஒரே வீட்டுக்கு, வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், பெந்தெகொஸ்தே வரை. படுக்கையில் இருப்பவர், தனிமையில் வாழும் முதியவர், சிறையிலிருந்து திரும்பியவர், பரீட்சையில் தோற்ற பிள்ளை என்று பட்டியல் ஒரே தாளில் அடங்கட்டும். இத்தகைய ஏற்பாடு எங்கே கெடும் என்பதும் தெரிந்ததுதான். தனியாக அனுப்பினால் மூன்றாவது வாரம் நின்றுபோகும். முடிவு தேதி சொல்லாவிட்டால் நல்லவர்களே பயந்து ஒதுங்குவார்கள். உதவி பெறுகிறவரைப் படம் எடுத்துப் பரப்பினால் அந்த வீட்டுக் கதவு அத்தோடு மூடிக்கொள்ளும். துக்கத்தில் இருப்பவரையும் உதவி வாங்கும் பட்டியலிலேயே கிடத்திவிடாதீர்கள். சில மாதம் போனபின், அவருக்கும் விருப்பமானால், ஜோடியில் ஒருவராகச் சேருங்கள். அழுதுகொண்டு நின்ற மரியாளிடம் இயேசு கடைசியாகச் சொன்னது, "போய்ச் சொல்" என்பதுதானே.

இது புதுமை எதுவும் இல்லை. 3-ம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதிய கடிதத்தில், நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்துத் தாங்களும் மாண்டுபோன விசுவாசிகளைப் பற்றி வாசிக்கிறோம். 4-ம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரியதொரு இல்லம் எழுப்பினார். உடலை வெறும் கூடு என்று நினைத்தவர்கள் செய்கிற வேலையா இது?

கடைசியாக வாசிப்பைப் பற்றி ஒரு சின்ன வேண்டுகோள். வேதாகமத்துக்கு இன்றைய அதிகாரப் பிரிவு வந்தது 13-ம் நூற்றாண்டில், வசன எண்கள் 16-ம் நூற்றாண்டில். பவுலின் கடிதத்தில் 15-க்கும் 16-க்கும் நடுவே இடைவெளி கிடையாது. "பிரயாசம் விருதாவாயிராது" என்று எழுதிய கை, அடுத்த வரியிலேயே பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்துக்குப் போகிறது. வாரத்தின் முதல் நாள்தோறும், அதாவது இயேசு எழுந்த கிழமைதோறும், அவரவர் வரவுக்குத் தக்கதை எடுத்துவைக்கச் சொல்கிறது. ஆறாவது ஞாயிறு வாசிக்கப்போகிறவரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள்: 58-ல் புத்தகத்தை மூட வேண்டாம், 16-ம் அதிகாரம் 2-ம் வசனம்வரை ஒரே மூச்சில் வாசிக்கட்டும். காணிக்கைப் பை அதன்பிறகு வரட்டும், அன்றைய காணிக்கை முழுவதும் அந்த ஒரே தாளில் இருக்கிற வீடுகளுக்குப் போகட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைகளின் விசுவாசிகள் சிலர்