கம்பிக்குக் கீழே போகும் மகளுக்கு

பணகுடி
28-7-2024

அன்பு மகள் இசக்கிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. சித்தப்பா வீட்டுக் கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. அம்மா சொல்லியிருப்பாள். ஆடிக் காற்று நன்றாக அடிக்கிறது, ராத்திரியெல்லாம் தென்னை மட்டை விழுகிற சத்தம்தான்.

ஜெய்சல்மரிலிருந்து நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். செத்துக் கிடக்கிற பறவைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறாய். வெயிலில் கறுத்துப்போயிருக்கிறாய் என்று அம்மா வருத்தப்பட்டாள். நான் பார்த்தது வேறு. உனக்குப் பின்னால் ஒரு லைன் போகிறது. இன்சுலேட்டரை வைத்துப் பார்த்தால் 33 கே.வி.யாக, அதாவது 33,000 வோல்ட்டாக இருக்க வேண்டும். மூன்று கம்பியில் நடுக் கம்பி மட்டும் தாழ்ந்து தொங்குகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டுக்கம்பி விட்டுப்போய், கண்டக்டர், அதாவது கரண்ட் போகும் கம்பி, இன்சுலேட்டரை விட்டு இறங்கிக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தின் மேல் கிடக்கிற மாதிரி தெரிகிறது. அப்படியென்றால் அந்தக் கம்பம் முழுக்க கரண்ட் இருக்கலாம். இங்கேயாக இருந்தால் ஃபீடர் டிரிப் ஆகி லைன் தானாகவே நின்றிருக்கும். உங்கள் பாலைவன மணலில் எர்த் சரியாகக் கிடைக்காது, டிரிப் ஆகாமலே நாள்கணக்கில் இருக்கும். நீ உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் கம்பத்துக்கும் நாலடி கூட இல்லை.

அந்த ஊர் மின்வாரியத்துக்கு இதைச் சொல்லிவிட்டாயா? இந்தக் கடிதம் வருகிற வரைக்கும் சொல்லாமல் இருந்தால் இதைப் படித்ததும் போய்ச் சொல்லு.

இன்னும் சில விஷயம். அறுந்து கிடக்கும் கம்பியைச் செத்த கம்பி என்று ஒருநாளும் நினைக்காதே. பத்து மீட்டர் தள்ளி நில். மழை பெய்த தரையென்றால் இன்னும் தள்ளி. தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் ஓடாதே, ஓடினால் முன்கால் ஒரு வோல்டேஜில், பின்கால் ஒரு வோல்டேஜில் இருக்கும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வா. பறவை கம்பியில் தொங்கினால் எடுக்காதே. காய்ந்த குச்சியாலும் எடுக்காதே. எல்.சி. (லைனை நிறுத்தியாகிவிட்டது என்ற அனுமதி) வாங்கி, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட பிறகுதான் லைன்மேனே கை வைப்பான். சண்முகம் மாமா எல்.சி. வாங்கித்தான் ஏறினார். உனக்குத் தெரியாதது இல்லை.

கானமயிலுக்காக மின்கம்பிகளுக்குப் போட்டிருந்த தடையைத் தளர்த்தி மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அன்று நான் போனில் சொன்னதை நீ இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். 'சரியான தீர்ப்பு' என்றேன். நீ, 'நீங்கள் கட்டின கம்பிதானே அப்பா அது' என்றாய். அதற்குப் பிறகு அம்மாவின் போனுக்குத்தான் பேசுகிறாய். அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்கிறாய் என்று அவள் சொல்கிறாள். சரி.

நீ அங்கே என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் நான் பேசவில்லை. நீ போன நாளிலிருந்து கானமயிலைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும், பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கூடு வைத்தால் பெரும்பாலும் ஒரே முட்டை. நாடு முழுக்கச் சேர்த்தே 150 அளவில்தான் மிச்சம். டேராடூன் வனவிலங்கு நிறுவனம் தார் பாலைவனத்தில் 4,200 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, அங்கே மட்டும் கம்பியில் அடிபட்டு வருஷத்துக்குச் சுமார் 84,000 பறவைகள் சாகின்றன என்று கணக்குச் சொன்னது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் மின்வாரிய வேலையில் இருந்தவரை, மயில் கம்பியில் பட்டால் ஃபீடர் போச்சே என்றுதான் முதலில் ஓடுவோம். அது 11 கே.வி. லைன், இரண்டு கம்பிக்கும் இடையே இறக்கை எட்டும், ஷாக்கில் சாகும். 400 கே.வி.யில் அப்படி இல்லை. கம்பிக்குக் கம்பி பல மீட்டர் இடைவெளி. மோதித்தான் சாகும். அதிலும் டவர் உச்சியில் போகும் எர்த் கம்பிதான் மோசம். கீழே இருக்கும் கண்டக்டர் தடிமனாக, இரண்டு மூன்றாகச் சேர்ந்து போகும், பறவைக்குத் தெரியும். அதைத் தாண்ட மேலே எழும்பும்போது மெல்லிசான எர்த் கம்பி குறுக்கே வரும். பளபளக்கிற தட்டுகளை அந்த எர்த் கம்பியில் மாட்டச் சொல்கிறார்கள் பார், அது சரியான யோசனைதான். ஆனால் காற்றில் ஆடி ஆடிக் கிளிப் தேய்ந்து விழும். மாட்டினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

டீக்கடையில் யாராவது 'மகளுக்கு எங்கே வேலை' என்று கேட்டால் ஜெய்சல்மர் என்று சொல்லி, என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும் வரை காத்திருந்து பதில் சொல்கிறேன். உன் அம்மாவிடம் கேட்டுப் பார்.

ஆனால் இசக்கி, நீயும் உன்னோடு இருப்பவர்களும் கேட்டது அதிகம். சுப்ரீம் கோர்ட்டின் 2021 ஏப்ரல் 19 உத்தரவில், தலைக்கு மேலே லைனே போகக் கூடாது என்று தடை விழுந்த இடம் கிட்டத்தட்ட 99,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் முக்கால் பங்கு. நாட்டிலேயே வெயில் அதிகம் அடிக்கிற இடங்களில் ஒன்று அது. அவ்வளவையும் பூட்டிவிட்டால் அந்த மின்சாரத்தை வேறெங்கே எடுப்பது? போன வருஷம் இதே ஆடியில் நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர் மேல் மண் அள்ளும் இயந்திரம் ஓடியதை டி.வி.யில் பார்த்தோம். நீ அன்றைக்கு இங்கேதான் இருந்தாய், பாதியில் எழுந்து போய்விட்டாய். அது நிலக்கரிக்காக. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு சாம்பலால் தூர்ந்தது நிலக்கரிக்காக. அந்த மீனவர்கள் வலையில் சாம்பல் சேறு வருகிறது. கானமயில் வாய் திறந்து சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். ஆற்றில் போன இறாலும் சொல்லாது.

காற்றாலையும் கூடாது, சோலாரும் கூடாது என்று உன் கூட்டத்தில் சிலர் பேசுவதாக நீயே சொன்னாய். அவர்கள் ராத்திரி கரண்ட் இல்லாமல் இருந்து பார்த்தவர்களா என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்திருக்கிறாய். 2012-இல் நீ பிளஸ் டூ. ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. ஆச்சி விசிறிக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஊர்க்காரர்கள் ஆபீசுக்கு வந்து எங்களைத்தான் திட்டுவார்கள். காற்று சீசன் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஐப்பசியில் காற்று நின்றதும் பழையபடி இருட்டு. முப்பந்தலிலும் இங்கேயும் நிற்கிற காற்றாலைகள்தான் அந்தக் கொஞ்ச மூச்சைத் தந்தன. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சின்னதாக ஆரம்பித்தது, இன்றைக்கு மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றாலும் தொந்தரவு உண்டு. வண்டிப்பாதை போட்டு ஓடையை மறித்தார்கள், குளத்துக்கு வரும் தண்ணீர் குறைந்தது, பெரியப்பா அதற்காக மனு எழுதி அலைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பெரியப்பா காற்றாலையைப் பிடுங்கு என்று எழுதவில்லை. ஓடையைத் திறந்துவிடு என்றுதான் எழுதினார்.

அந்த மாதிரி நீயும் கேட்க வேண்டும் என்கிறேன். எந்த இடம் என்று கேள். எந்தக் கம்பி என்று கேள்.

நீங்கள் கேட்பது நடக்காது என்று கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் சொல்வதில் பாதி உண்மை, பாதி பம்மாத்து. எது எது என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். 33 கே.வி.யை மண்ணுக்குள் போட முடியாது என்று எவன் சொன்னாலும் நம்பாதே. சென்னையில் 230 கே.வி. கேபிளே தெருவுக்குக் கீழே போகிறது. சோலார் பார்க்கிலிருந்து சப்-ஸ்டேஷன் வரைக்கும் போகிற சின்ன லைன்கள்தான் தரையை ஒட்டி, ஊர் ஊராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அவற்றைப் புதைக்கச் சொல். பணம்தான் பிரச்சினை, பணம் அவர்களிடம் இருக்கிறது. 400 கே.வி., 765 கே.வி. விஷயம் வேறு. ஏ.சி. கரண்டைக் கேபிளில் நீளமாகக் கொண்டுபோனால், கேபிளை நிரப்பவும் காலி செய்யவுமே பெரும்பகுதி போய்விடும், அந்தப் பக்கம் பயனுக்கு ஒன்றும் மிஞ்சாது. சில நூறு மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் வேண்டும், ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு நாள் பழுதாகும். காய்ந்த மணல் சூட்டை வெளியே விடாது, கேபிள் உள்ளேயே வெந்துபோகும். பழுது எங்கே என்று கண்டுபிடித்துத் தோண்டிச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். இதெல்லாம் சாக்குப்போக்கு இல்லை, நான் அந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஆகவே பெரிய லைனைப் புதை என்று நிற்பதை விட, பறவை இருக்கும் இடத்தைச் சுற்றிப் போ என்று நில். எல்லாப் பெரிய லைனும் ஒரே தடத்தில் போகட்டும், ஆளுக்கொரு பாதை போட வேண்டாம் என்று நில்.

பறவை முட்டையிடுகிற, மேய்கிற இடம் என்று நீங்கள் அளந்து வைத்திருக்கிறீர்களே, அதில் ஒரு கம்பி கூட வேண்டாம். இதில் நான் முழுக்க உன் பக்கம். ஓரண் நிலத்தையும் விடாதே. தேக்ராய் ஓரணைப் பற்றி நீ சொன்னாயே, சாமி காடு, கிளை ஒடிக்க மாட்டார்கள், ஒட்டகமும் ஆடும் மேய மட்டும் விடுவார்கள் என்று. ரெவின்யூ ரிக்கார்டில் அந்த மாதிரி இடங்களைத் தரிசு என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்கு நம் சாஸ்தா கோயில் காடுதான் கண்ணில் வந்தது. நாளைக்கு ஒருவன் ரிக்கார்டைக் காட்டி அங்கே சோலார் தகடு விரிக்க வந்தால் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நிற்பேன். கிராமத்துக்காரர்கள் மேய்ச்சல் நிலத்துக்காகப் போராடினால் அவர்கள் பின்னால் நில், முன்னால் போகாதே. போலீஸ் வந்தால் வெளியூர்ப் பெண் என்று முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள். கேஸ் ஏதும் இருக்கிறதா? இருந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல்.

2016-இல் உங்கள் பக்கத்து பலோடியில் 51 டிகிரி போனது. இந்த மே மாதம் அங்கே மறுபடியும் 50 என்று பேப்பரில் பார்த்துவிட்டு உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அந்த வெயில் முட்டையையும் விடாது, தாயையும் விடாது. நிலக்கரியை நிறுத்தாமல் அந்தச் சூட்டைக் குறைக்க வழியில்லை. இதையேதான் கோர்ட்டும் மார்ச் 21 தீர்ப்பில் சொன்னது, பருவநிலை மாற்றத்தின் கெடுதலிலிருந்து பாதுகாப்பு மக்களின் உரிமை என்று. அதனால்தான் சரி என்றேன். பறவை போகட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி உன் காதில் விழுந்திருந்தால், அது நான் நினைத்தது இல்லை.

நான் கட்டின கம்பி என்றாய். ஆமாம், நான் கட்டினதுதான். மலையடிவாரத்தில் கடைசி வீடு வரைக்கும் இழுத்தோம். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இல்லை. உனக்கு இருக்கிறதா என்றுதான் இந்த நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தால் அதையும் நேரே சொல்லிவிடு, அம்மா வழியாக வேண்டாம்.

கருப்பட்டியும் முறுக்கும் பார்சல் அனுப்பியிருக்கிறோம். முறுக்கை டப்பாவில் போட்டு வை. தண்ணீர் நிறையக் குடி. ராத்திரியில் தனியாக பைக்கில் போகாதே. கம்பத்தைத் தொடாதே, அதைத் தாங்கும் இழுகம்பியையும் தொடாதே, மழை நேரத்தில் லைனுக்குக் கீழே போகவே போகாதே. கல்யாணத்துக்கு வா. லீவு கிடைக்காது என்று இப்போதே சொல்லாதே.

உங்கள் பகுதியின் லைன் வரைபடம் இருந்தால் ஒரு காப்பி அனுப்பு. ஒவ்வொரு லைனும் எத்தனை கே.வி., சிங்கிள் சர்க்யூட்டா டபுளா, எந்த சப்-ஸ்டேஷனில் முடிகிறது, பறவை செத்துக் கிடந்தது எந்த ஸ்பேனில் (எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவே) என்று பென்சிலால் குறித்து அனுப்பு. எதைப் புதைக்கலாம், எதைச் சுற்றிவிடலாம், எதில் தட்டு மாட்டினால் போதும் என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதித் தருகிறேன். உங்கள் வக்கீலிடம் கொடு. சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடட்டும், இந்தி தெரியாது, நீ கூட இருந்து மொழிபெயர்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா