கிளிநொச்சி ஸ்ரேசனில கையால சுத்துற படம் ஒண்டு வைப்பமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஸ்ரேசன், பஸ் ஸ்ராண்ட் பற்றி உங்கட பக்கத்துக்கு வாற கடிதம் முக்கால்வாசியும் டொய்லெட்டப் பற்றித்தான், அது நியாயம், அதை நிப்பாட்டச் சொல்லேல்ல. ஆனா ரெயில் பிந்தினா குந்தி இருக்கிற சனம் எதைப் பாக்கிறது எண்டதையும் ஒருக்கா யோசிக்க வேணும். போனில சார்ஜ் முடிஞ்சா சுவரைத்தான் பாக்கோணும், சுவரில தேர்தல் போஸ்டர் கிழிச்ச அடையாளம்.

என்ர யோசனை, எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள் செய்யிற ஸ்டாப் மோஷன் படங்கள அங்க வைக்கலாம். பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, திரும்ப நகர்த்தி இன்னொண்டு, அவ்வளவுதான் வேலை. செக்கனுக்கு 12 படம் போதும், பத்துச் செக்கன் கதைக்கு 120 போட்டோ, சாதாரண போனே காணும். களிமண் காஞ்சு வெடிச்சிடும், எண்ணெய் கலந்த பிளாஸ்டிசீன் எண்டா வெடிக்காது, அதுக்கும் காசில்லாட்டி புளியங்கொட்டை, முறிகண்டிக் கச்சான் கோது எல்லாம் நடிக்கும். ஒண்டு மட்டும் கவனம், யன்னல் வெளிச்சத்தில எடுக்கக் கூடாது, முகில் வந்து போக படம் மின்னி மின்னித் தெரியும், யன்னலை மூடிப்போட்டு பல்ப்ப எரிய விட்டு எடுக்கிறதுதான் நல்லம்.

இது புதுசா நான் கண்டுபிடிச்சதில்லை. நியூயோர்க்கில 1980ல பில் பிராண்ட் எண்ட கலைஞர் புரூக்ளினில பாவனையில இல்லாத ஒரு சுரங்க ஸ்ரேசனில 228 கையால வரைஞ்ச படத்த வரிசையா வச்சு முன்னால ஒடுங்கின வெட்டுகள் விட்ட மறைப்பு ஒண்டு கட்டினவர், படம் அசையாது, ரெயில்தான் ஓடுது, உள்ளுக்க இருக்கிற ஆள் வெட்டுக்குள்ளால பாக்க படம் உயிர் வந்து ஓடும். மாஸ்டிரான்சிஸ்கோப் எண்டு பேர். பிறகு பராமரிப்பில்லாம கிறுக்கல் ஏறி பாழாப் போய் 2008லதான் திருத்தினவை. அமெரிக்காவிலயே அப்பிடியெண்டா இஞ்ச யார் துடைக்கிறது எண்டதையும் முதலே யோசிச்சு வைக்கோணும்.

அதை அப்பிடியே இஞ்ச செய்யேலாது, அதுக்கு இருட்டு வேணும், வன்னியில சுரங்கம் எங்க கிடக்கு, வெட்ட வெயிலுக்குள்ளாலதான் ரெயில் போகுது. ஸ்கிரீன் வைக்கலாம்தான், ஆனா கரண்ட் போகும், பிறகு பழுதாகும், ஆறு மாதத்தால அதுவும் விளம்பரம் போடத் தொடங்கும். அதால நான் கேக்கிறது சுத்துற டிரம். உள்ளுக்க சுத்திவர 12 படம், படத்துக்கு மேல 12 ஒடுங்கின வெட்டு, வெளியால நிண்டு கையால சுத்திப்போட்டு வெட்டுக்குள்ளால பாத்தா படம் அசையும். வெட்டு இல்லாட்டி எல்லாம் ஒண்டாக் கலங்கித்தான் தெரியும், வெட்டுத்தான் ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்குப் பிரிச்சுக் காட்டுறது. கரண்டும் வேண்டாம், சத்தமும் இல்லை. பிள்ளையள் எடுத்த 120ல நல்ல பன்னிரண்டைப் பொறுக்கி பிரிண்ட் எடுத்து ஒட்டினாச் சரி, மாதம் ஒருக்கா வேற பள்ளிக்கூடத்துப் படத்த மாத்தலாம்.

என்ன கதை எண்டு கேப்பியள். 1990ல சண்டையால வவுனியாவுக்கு அங்கால ரெயில் நிண்டுது, தண்டவாளமும் அதுக்குக் கீழ கிடந்த சிலிப்பர் கட்டையும் பங்கர், அதுதான் பதுங்குகுழி, கட்டப் போச்சு, திரும்ப கிளிநொச்சிக்கு ரெயில் வந்தது 2013 செப்டெம்பரில, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில. இப்ப பத்தாம் வகுப்புப் படிக்கிறதுகளுக்கு இது கேட்ட கதைதான். சிலிப்பர் கட்டைக்குப் பதிலா நெருப்புக் குச்சியள் பங்கர் மண்ணுக்குள்ளால ஒண்டொண்டா எழும்பி வந்து வரிசையாப் படுக்கிறதப் பன்னிரண்டு படத்திலயே காட்டலாம், டிரம் சுத்தச் சுத்த அது திரும்பத் திரும்ப நடக்கும். சோகம் வேண்டாம் எண்டா இரணைமடுக் குளத்தில மீன் துள்ளட்டும், அதுவும் பாக்க நல்லாத்தான் இருக்கும், நான் ஒரு கட்சியும் பிடிக்கேல்ல.

கிளிநொச்சியில ஒண்டு, வவுனியாவில ஒண்டு வச்சுப் பாப்பம். பெடியள் பிச்சுப்போடுவாங்கள் எண்டு சொல்லுவினம், பிச்சாத் தகரமும் பேப்பரும்தானே, டிவி இல்லையே. ரெயில்வே பக்கத்தில அனுமதி குடுக்கக்கூடிய ஆரும் இதை வாசிச்சா உங்கட பத்திரிகைக்கு ஒரு பதில் போடச் சொல்லுங்கோ. தகரமும் பழைய பேரிங்கும் நான் தாறன், வெட்டித் தர ஒரு ஒட்டுவேலைக்காரர் கிடைச்சாச் சரி.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி