படுத்தால் கூடும் முதுகுவலி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மருத்துவப் பக்கத்தில், முதுகுவலிக்கு ஓய்வுதான் முதல் மருந்து என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி ஆறு வருஷத்தைத் தொலைத்தவன் நான்.

எனக்கு 23 வயதில் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும், குனிந்து வாய் கொப்பளிக்க முடியாது, செருப்பு மாட்டச் சுவரைப் பிடிக்க வேண்டும், ஆனால் பட்டறைக்குப் போய் ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் இறுக்கம் விட்டுவிடும். ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தால் திங்கட்கிழமை எழுந்திருக்கவே முடியாது. வலி ஒரு வாரம் இடது புட்டத்தில், அடுத்த வாரம் வலதில். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தேய்மானம் என்று சொல்லி பெல்ட்டைக் கட்டிவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். இந்த வயதில் என்ன தேய்மானம் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் பிடித்தது ஒரு கண் டாக்டர். ஒரு கண் மட்டும் சிவந்து வெளிச்சமே ஆகவில்லை. மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் போனேன். சோதித்துவிட்டு, "காலையில் முதுகு இறுகிப்போகுமா?" என்றார். அப்புறம் ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அழற்சி தெரிந்தது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். (தேய்மானத்தால் வரும் ஸ்பாண்டிலோசிஸ் வேறு, பெயரைக் கேட்டு நிறையப் பேர் குழம்புகிறார்கள்.) இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும், சிலருக்குக் கண்ணையும் தாக்குகிறது, விட்டுவிட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம். எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்கில் ஆகும். அதே சமயம் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்தும் முடிவுகட்ட முடியாது: என் தம்பிக்கும் பி27 உண்டு, அவனுக்கு ஒரு வலியும் இல்லை.

வைத்தியம் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையில் தொடங்கியது, டாக்டர் கண்காணிப்பில்தான், கூடவே தினமும் உடற்பயிற்சி. சிகரெட்டை விடச் சொன்னார்கள், விட்டேன். அதுவும் போதாமல், காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்கும் அடாலிமுமாப் ஊசி போட்டார்கள். விலை கையைக் கடிக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் அதே வகை ஊசி கிடைப்பதால்தான் தாக்குப்பிடிக்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஒட்டிப்போன எலும்பை எந்த ஊசியும் பிரிக்காது, என் கழுத்து இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது.

அடுத்த முறை முதுகுவலி பற்றி எழுதும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, படுத்தால் கூடி நடந்தால் குறைகிற வலி என்றால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் வரும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

– ஒரு வாசகர், கோவை