அளவு நோட்டு

வால்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் போனில் “ஊர்ல என்னப்பா விசேஷம்” என்று கேட்டாய். “ஒண்ணுமில்ல, மழைதான்” என்று சொல்லிவிட்டு அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டேன். ரெண்டு வார்த்தை கூடப் பேசினால் வாய் தேய்ந்தா போகும் என்று அன்றைக்கு முழுக்க அவளிடம் பாட்டு வாங்கினேன். எனக்குப் போனில் பேச வராது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே நாற்பது வருஷம் ஓடிவிட்டது, வாயில் எப்போது பார்த்தாலும் ரெண்டு குண்டூசி இருக்கும், எங்கே பேசுவது? இன்றைக்குச் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. மரம் விழுந்திருக்கிறதாம், நாளைக்குத்தான் வருமாம். மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மழை நிஜமாகவே மழைதான். திங்கள்கிழமை பிடித்தது, நடுவில் புதன் மத்தியானம் ஒரு மணி நேரம் வெளிறிக் காட்டியதோடு சரி. “வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை” என்று கலெக்டர் ரெண்டு நாள் அறிவித்தார். நீ படிக்கும்போது பள்ளிக்கூட வாசல்வரை போய் முழுக்க நனைந்த பிறகுதான் லீவு என்று தெரியும். இப்போது ராத்திரியே போனில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்தே கூச்சல் போடுகிறார்கள். மழை அளவுப் பட்டியலில் சின்னக்கல்லார், சின்கோனா, சோலையாறு, வால்பாறை என்று நம் பக்கத்துப் பெயர்களாகவே வருகிறது என்று டீக்கடையில் ஒரே பெருமை. என்னமோ இவர்கள் பெய்யவைத்த மாதிரி. சோலையாறு அணை எப்போது 160 அடியைத் தொடும் என்று பந்தயம்கூடக் கட்டியிருக்கிறார்கள். தோற்றவன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

எனக்கு இந்த மழையில் ஒரே தொல்லை சாக்கட்டி. ஈரம் ஏறிப் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது, துணியில் கோடே விழமாட்டேன் என்கிறது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினால் அதன் பக்கத்தில் நாலு கட்டியை வரிசையாக வைத்துவிடுவேன். ஒன்று காய்ந்ததும் அதில் ரெண்டு உடுப்பு வெட்டுவேன், அதற்குள் அது நமத்துவிடும், அடுத்ததை எடுப்பேன். கரண்ட் இல்லாததில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நீ வாங்கிக் கொடுத்த மோட்டார் மிஷின் மூடியபடி இருக்கிறது, பழைய மிதி மிஷின் ஓடுகிறது. (கோபித்துக்கொள்ளாதே. வெயில் காலத்தில் மோட்டார்தான்.)

இந்த வாரம் தைத்ததில் பாதி, கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள்தான். மேல் ஓரத்தில் துணிப்பட்டி வைத்து அடித்து, உள்ளே நாடா கோத்துத் தர வேண்டும். பட்டி இல்லாமல் வெறுமனே கட்டினால் பாத்தி இடுக்கில் நடக்கும்போது செடியில் மாட்டி ஒரே வாரத்தில் கிழிந்துவிடும். ஊசி வழுக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், கூலியோ கேட்க வாய் வராது. ஆனால் அது இல்லாமல் அந்தப் பெண்கள் தேயிலைக் காட்டுக்குள் இறங்க முடியாதே.

புதன் ராத்திரி சித்தி இருக்கும் எஸ்டேட் டிவிஷனில் யானை வந்தது. பெரியது ரெண்டு, குட்டி ஒன்று. இப்போதெல்லாம் யாரும் முன்னே மாதிரி திடுக்கிடுவதில்லை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் 2011-இல் யானை நிற்கிற இடத்தைச் சொல்லி எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆரம்பித்தார்களே, அந்த ஏற்பாடு இன்னமும் நடக்கிறது. ஏழு மணிக்கே போனில் செய்தி வந்துவிட்டதாம். மிஸ்டு கால் கொடுத்தால் எரிகிற, மேட்டில் நிற்கிற சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது. அந்தக் கால் கொடுக்கிற பொறுப்பு இப்போது உன் சித்தப்பாவிடம். மனுஷன் பெண்டாட்டி கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார், யானைக்கு மட்டும் உடனே கால் போடுகிறார் என்று சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். விளக்கைப் பார்த்ததும் கடைசி பஸ்காரர் முக்கிலேயே நிறுத்திவிட்டார். ஆட்கள் அரைமணி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து அப்புறம்தான் வீட்டுக்கு நடந்தார்களாம். ஆனால் ரேஷன் கடைக் கதவு தப்பவில்லை. ஒரு மூட்டை அரிசியை வெளியே இழுத்துப் போட்டு, தின்றது பாதி, மிதித்தது பாதி. உப்பு மூட்டையையும் விடவில்லை. காலையில் பார்த்தால் சேற்றில் வெள்ளையாக அரிசி, நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு காலடி, அதற்குள் மழைத்தண்ணீர். உன் தம்பி முறைப் பையன் ஒருவன் அதில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தானாம்.

யானையை விடச் சிறுத்தை பயம்தான் இப்போது அதிகம். இருட்டினால் எஸ்டேட் லைன் வீடுகளில் குழந்தைகளை வாசலில் விடுவதே இல்லை. நீ ஏழு மணிவரை பாண்டி ஆடிய இடத்தில் ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா மழையோடு மழையாகத் தூக்குவாளியில் வாங்கிவந்தாள். சனிக்கிழமை டூரிஸ்ட் கூட்டம். 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வந்தும் ரோட்டில் அப்படியொன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. புதுத்தோட்டம் பக்கம் காரை நிறுத்திச் சிங்கவால் குரங்குக்குச் சிப்ஸ் நீட்டுகிறார்கள். அந்தக் குரங்குகளுக்காகத்தான் மரத்துக்கு மரம் மேலே பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், அது பாட்டுக்கு மேலேயே போகட்டும் என்று. இவர்கள் கீழே கூப்பிட்டால் அது இறங்கத்தானே செய்யும்?

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். ஞாயிறு சந்தை. மழையென்று பார்த்தால் இந்த ஊரில் சந்தை நடக்குமா? பத்து மணிக்கெல்லாம் முடீஸ் பஸ், ஷேக்கல்முடி பஸ், உருளிக்கல் பஸ் என்று ஒவ்வொன்றாக வந்து ஆளைக் கொட்டிவிட்டுப் போயிற்று. காந்தி சிலையிலிருந்து பார்த்தால் தலையே தெரியவில்லை, குடைதான். பொள்ளாச்சிக்காரர்கள் காய்கறியைத் தார்ப்பாய்க்குள் வைத்துக்கொண்டு விற்கிறார்கள், கருவாட்டு வாசனை மழையில் இன்னும் தூக்கலாக இருக்கிறது. ஒன்று சொன்னால் சிரிப்பாய். தக்காளிக்காரர் இப்போது இந்தியில் விலை கூவுகிறார். “பீஸ் ருப்பயா, பீஸ் ருப்பயா” என்கிறார், இருபது ரூபாயாம். அவ்வளவுதான் தெரியும், முப்பது ரூபாய்க்கு விற்றாலும் முதலில் பீஸ்தான்.

என் கடைக்கும் எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கிற ஜார்க்கண்ட் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு பெண் புதிது, இருபது வயதுகூட இருக்காது. அளவு ஜாக்கெட்டை மேஜையில் வைத்து, கையிடுக்கைக் கிள்ளிக் காட்டி, “தோடா டீலா” என்றது. எனக்கு டீ வேண்டுமா என்று கேட்கிறதாக்கும் என்று நினைத்து, “வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்” என்றேன். கூட வந்த பெண் ரெண்டு வருஷமாக இங்கே இருப்பவள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அண்ணா, லூஸு, லூஸு” என்று விளக்கினாள். சரி என்று அரை இஞ்ச் கூட்டிக் குறித்துக்கொண்டேன். பெயர் எழுத வேண்டுமே. மூன்று தடவை சொல்லியும் எனக்குப் பிடிபடவில்லை. பேனாவைக் கொடுத்து அவளையே எழுதச் சொன்னேன். இந்தியில் எழுதிவிட்டுப் போய்விட்டாள். என் அளவு நோட்டில் எனக்கே படிக்கத் தெரியாத முதல் பெயர் அதுதான். வியாழக்கிழமை அவள் வந்தால் முகத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டு கொடுக்க வேண்டும்.

அவர்கள் போனதும் உன் பழைய தோழியின் அப்பா அம்மா வந்தார்கள். டீ பேக்டரியில் இலை காயவைக்கிற ட்ரையரில் இருந்தாரே, அவர்தான். ரிட்டயர் ஆகி நாலு மாதம் ஆயிற்று. லைன் வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால்தான் சர்வீஸ் பணம் கைக்கு வரும் என்றிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் லாரி. திருப்பூரில் மகன் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவனுடைய ஒற்றை அறைக்குத்தான் போகிறார்கள். ஆல்டர் பண்ணக் கொடுத்த சட்டையை வாங்க வந்தவர், சாக்கு நிறையச் சௌசௌ கொண்டுவந்து வைத்தார். “பந்தலைத் தூக்கிட்டுப் போக முடியுமா, அதான் காயைப் பறிச்சிட்டேன்” என்றார். அந்த அம்மா எதுவும் பேசவில்லை. கடைக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்யாண ஜாக்கெட் நான் தைத்தது. நோட்டைத் தேடி எடுத்துக் காட்டினேன், 1989 நோட்டு, மார்பு முப்பது. “முப்பதா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் அழுதார்.

அவர்கள் போனதும் ரெண்டு பெயருக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ‘கீ’ போட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் அது என்னவென்று கேட்டாயே? கீழே போய்விட்டார்கள் என்று அர்த்தம். அந்த அளவுக்கு இனிமேல் துணி வராது, அடுத்த நோட்டில் அந்தப் பெயரை எடுத்து எழுத வேண்டாம். சென்சஸில் 2001-இல் நம் ஊருக்கு 95 ஆயிரத்தை ஒட்டிக் கணக்கு வந்தது, 2011-இல் 71 ஆயிரம்தான். பேப்பரில் வந்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை, என் நோட்டில் அதற்கு முன்னாலேயே சிவப்பு மை தீர்ந்துகொண்டிருந்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு, வீடு போனால் மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, பின் எங்கே இருப்பார்கள்?

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கடையைக் கட்டிவிட்டுத் தாம்பரத்துக்கு வந்துவிடுங்கள் என்கிறாய். உன் அக்கறை தெரியாமல் இல்லை. அம்மாவுக்கு இந்தக் குளிரில் முட்டி படாதபாடு படுத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, 64 கிலோமீட்டர் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. அவளுக்கு வர ஆசைதான், வாயைத் திறந்து சொல்லமாட்டாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. நாம் லைன் வீட்டில் இல்லை, வாடகை வீடு. எங்களைக் காலி செய்யச் சொல்ல யாரும் இல்லை. யாரும் சொல்லாமல் நாமாகவே எழுந்து போவது எப்படி என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. தீபாவளி போனஸ் துணி முடியட்டும், அப்புறம் பேசலாம். “இதையே ஆறு தீபாவளியா சொல்றாரு” என்று அம்மா இந்த வரியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். அதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

மழை கொஞ்சம் விட்டதும் ஒரு மாதத்துக்காவது அவளை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன். டாக்டரிடம் காட்டு. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி, ஆழியாறு அணையையும் வரையாட்டையும் பார்த்துவிட்டு இறங்கினால் அவளுக்கு வாந்தி வராது. உனக்கும் அப்படித்தான்.

நோட்டைப் புரட்டும்போது உன் பக்கத்தையும் பார்த்தேன். ஆறாவது படிக்கும்போது யூனிபார்ம் பாவாடையில் ஆரம்பித்து, காலேஜுக்குப் போனபோது தைத்த சுடிதாரோடு நிற்கிறது. “பாப்பா பேருக்கு கீ போட்டீங்களா” என்று அம்மா கேட்டாள். போடவில்லை.

தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்து வைக்கிறேன். அந்தச் சுடிதார் அளவு இப்போது சேராது என்று அம்மா சொல்கிறாள். அடுத்த வாரம் மாமா பையன் அங்கே வருகிறான். நன்றாகப் பொருந்துகிற ஜாக்கெட்டாகப் பார்த்து ஒன்று அவனிடம் கொடுத்துவிடு. கை நீளம் அதே போதுமா, லைனிங் வேண்டுமா என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வை.

அன்புடன்,
அப்பா