காசிமேட்டுப் படத்துக்கு ஜிப்லி தொனி வருமா?

ராயபுரம்

அன்புள்ள டில்லி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை தோறும் வந்து ஓபன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பழகுகிறார்கள். அதில் ஒருத்தி வியாசர்பாடியில் பந்தாடும் பையன்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து, ஓடுகிற கால் திடீரென்று நிற்பதை நன்றாகப் பிடித்துவிட்டாள். உன் படத்துக்கு ஆள் தேவைப்பட்டால் அவளை மனதில் வை.

வேலை கொடுத்தவர், ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவான ஜிப்லியை நினைத்து, “ஜிப்லி மாதிரி வேண்டும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஐந்து நிமிட அனிமேஷன் படம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஒரு மீன்கார ஆயா, அவள் பேத்தி. அந்தத் தொனியை இன்னொரு ஸ்டுடியோ பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். தோற்றத்தைப் பிடிக்கலாம், அதற்கு அதிக நாள் ஆகாது. தொனி வேறு இடத்தில் இருக்கிறது. உழைப்பு நேரத்தை எதில் போடுகிறார்கள், வரைந்த தாளைக் கடைசியாக யார் பார்த்துத் திருத்துகிறார் என்பவற்றில்தான் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வழக்கங்களை ஏற்றுக்கொள்ளும் ஸ்டுடியோவுக்கு ஒரு தொனி வரும். ஆனால் வருவது அவர்களுடைய சொந்தத் தொனியாக இருக்கும்.

2025 மார்ச் கடைசியில் சாட்ஜிபிடியில் படம் போடும் வசதி வந்ததும் ஊரே தன் போட்டோவை ஜிப்லி ஆக்கிப் போட்டது உனக்கு நினைவிருக்கும். வட்ட முகம், குவிந்த மேகம், பச்சைப் புல். ஜிப்லி என்றால் அதுதான் என்று உன் வாடிக்கையாளரும் நினைத்திருப்பார். ஆனால் அந்த ஸ்டுடியோவுக்குள்ளேயே தோற்றம் ஒன்றாக இருந்ததில்லை. 2013-இல் வந்த, ஜிப்லி இயக்குநர் தகஹாதாவின் ககுயா படத்தில் கோடு கரிக்கோல் போல ஓடும், ஓரத்தில் தாள் வெள்ளையாகவே நிற்கும். அங்கே இன்னொரு இயக்குநரான மியாசாகியின் படங்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்று படங்களை எடுத்துக்கொள். 2014-இல் ஜிப்லி தயாரிப்புப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியபின், அங்கே தயாரிப்பாளராக இருந்த யோஷியாகி நிஷிமுரா 2015-இல் ஸ்டுடியோ பொனோக் தொடங்கினார். 2017-இல் அவர்களுடைய ‘மேரி அண்ட் த விட்ச்ஸ் ஃப்ளவர்’ படம் வந்தது. இயக்குநர் யோனெபயாஷி ஜிப்லியிலேயே இரண்டு படம் செய்தவர். வரைந்தவர்களில் பலரும் பழைய ஆட்கள். ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஓடவிட்டால் எனக்குத் தெரிகிறது: ஒரு செயல் முடிந்ததும் அடுத்தது வந்து முட்டுகிறது, பாத்திரத்துக்கு மூச்சு விட இடமில்லை. அடுத்தது, 2020-இல் ஜிப்லியே எடுத்த முதல் முழு 3டி படமான இயர்விக். பெயர், கட்டடம் எல்லாம் அவர்களுடையது, தொனி வரவில்லை. மூன்றாவது, ஜிப்லி சேர்ந்து தயாரித்த 2016-இன் த ரெட் டர்ட்டில். இயக்குநர் மைக்கேல் டுடாக் டி விட் டச்சுக்காரர், வேலை பெரும்பாலும் பிரான்ஸில் நடந்தது, கண்கள் வெறும் புள்ளி, வசனம் கிடையாது. ஆனால் தகஹாதா கலைத் தயாரிப்பாளராகக் கூட இருந்தார். காற்று, அலை, நண்டு, காத்திருத்தல் இவற்றுக்குப் படம் கொடுக்கும் நேரத்தைப் பார்த்தால் அந்த வீட்டு வழக்கம் புரியும். பழைய கைகளும் பெயரும் தராததை, வழக்கம் தந்துவிட்டது.

போட்டியாளர் சீக்கிரம் பிடித்துவிட்ட தொனியும் உண்டு. 2018-இல் சோனியின் ஸ்பைடர்மேன் அனிமேஷன் படமான ஸ்பைடர்-வெர்ஸ் வந்தது. அச்சுப்புள்ளி நிழல், 3டி முகத்தின்மேல் போட்ட கோடு, இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு நிலை என்ற நடை, மங்கல் இல்லாத வேகம். 2022-இல் ட்ரீம்வொர்க்ஸின் பூனைப் படமும் (புஸ் இன் பூட்ஸ்), 2023-இல் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் ஆமைப் படமும் அதே பாதையில் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துவிட்டன. காரணம், அந்தத் தொனியின் பெரும்பகுதி கருவியிலும் ரெண்டரிலும் இருந்தது. நல்ல தொழில்நுட்பக் குழு உட்கார்ந்தால் அதைப் பிரித்துப் பார்த்துக் கட்டிவிடும். ஜிப்லியின் கருவியோ எல்லோர் கையிலும் இருக்கிறது. மியாசாகியின் மோனோனோகே படக் காலத்திலிருந்து அவர்கள் பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016 மார்ச்சில் ஓபன்டூன்ஸ் என்று இலவசமாக வெளிவந்தது. தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் கையில் இருப்பதும் அதுதான்.

ஜிப்லியில் நேரம் எங்கே போனது? 1997-இன் மோனோனோகேவுக்கு ஏறத்தாழ 1,44,000 செல் (அசைவுக்கான ஒளிபுகு தாள்) வரையப்பட்டன. அதில் சுமார் 80,000-ஐ மியாசாகியே திருத்தினார் அல்லது மறுபடி வரைந்தார் என்பது பலரும் சொல்லும் கணக்கு. கீ, அதாவது அசைவின் முக்கிய நிலைகள், போட்டவர் எத்தனை பேராக இருந்தாலும் எடை, பார்வை, தயக்கம் எல்லாம் ஒரே ஆளின் கை வழியாகப் போனது. ஸ்பிரிட்டட் அவேயில் டிராகனின் வாயைத் திறந்து மருந்து ஊட்டும் காட்சிக்கு, நாய்க்கு மருந்து கொடுப்பது போல என்றார் மியாசாகி. இளைஞர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, கால்நடை மருத்துவரிடம் போய்ப் பார்த்து வந்து வரைந்தார்கள். அதே படத்தில் சிஹிரோ ஷூவை மாட்டியதும் நுனியைத் தரையில் தட்டிவிட்டு ஓடுவாள். கதைக்கு அது தேவையில்லை. பட்ஜெட் பார்க்கிறவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

இதெல்லாம் சம்பளத்தோடும் சேர்ந்தது. ஜப்பானில் கீகளுக்கு இடைப்பட்ட தாள்களை வரையும் இன்பிட்வீன் வேலைக்கு வழக்கமாகத் தாளுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஜிப்லி 1989 வாக்கில் ஆட்களை நிரந்தரமாக்கி, புதியவர்களுக்குப் பயிற்சியும் தொடங்கியது. கியோட்டோ அனிமேஷனும் அதே வழியில் ஆட்களை வீட்டுக்குள்ளேயே வளர்த்தது. அவர்களுடைய கை விரல், கால் நடை, முடி அசைவு எல்லாம் வேறு யாரிடமும் அப்படி வராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் வெளிநாட்டு வேலை எடுக்கும் இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை செகண்ட் என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில் முதலில் சாகிறது, செயலுக்கு முன்னால் வரும் தயக்கமும் பின்னால் வரும் அமர்வும்.

இனி உன் படம். முதலில் கணக்கு. 300 செகண்ட், 24 ஃப்ரேம் வீதம் 7,200. ட்வோஸில், அதாவது இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு தாள் என்று, போட்டால் 3,600 தாள். ஆள் ஒருவர் நாளைக்கு 20 சுத்தமான தாள் தருவார் என்று வைத்தால் 180 ஆள்நாள், நான்கு பேருக்கு 45 நாள். இது ஒரே பாத்திரம் ஓயாமல் அசைந்தால் வரும் கணக்கு. பாத்திரம் அசையாமல் நிற்கும் ஹோல்டில் குறையும், ஆயாவும் பேத்தியும் சேர்ந்து வரும் கட்டில், அதாவது ஷாட்டில், ஏறும். கட் எண்ணிக்கையை 60-லிருந்து 40-ஆகக் குறைத்து, ஒவ்வொன்றும் சராசரி ஏழரை செகண்ட் நிற்கட்டும். 40 பிஜி (பின்னணி ஓவியம்), ஒன்றுக்கு இரண்டு நாள், இரண்டு பெயிண்டருக்கு 40 நாள். வாடிக்கையாளர் எட்டு வாரத்துக்கு மேல் தரமாட்டார் என்றால் படத்தை மூன்றரை நிமிடமாக்கு. தாளை மட்டும் குறைக்காதே. ட்வோஸில் நடக்க வேண்டியது த்ரீஸுக்கு (மூன்று ஃப்ரேமுக்கு ஒரு தாள்) போனால் ஆயாவின் தலைச்சுமை காற்றடைத்த பந்தாகிவிடும்.

ஸ்டோரிபோர்டுக்கு முன்னால் இரண்டு வாரம் எல்லோரும் காசிமேட்டில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஏலத்தின் நெரிசலைப் பார்க்க அந்த நாட்களில் வராதே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தனி, அதற்கு ஒரு முறை வந்தால் போதும். மற்ற நாட்களில்தான் ஆட்களின் கையைப் பார்க்க முடியும். போட்டோ எடுப்பதைவிட முக்கியம், எந்த வேலை எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறிப்பது.

ஆயா மீன் அன்னக்கூடையைத் தலையில் ஏற்றும் கட்தான் படத்தின் உயிர் என்பேன். துணியை முறுக்கிச் சும்மாடு கட்டுகிறாள், தலையில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. குந்துகிறாள். இரண்டு கையும் விளிம்பில். பக்கத்துப் பெண் கை கொடுக்க வருவதற்காக ஒரு நொடி காத்திருக்கிறாள். இந்த ஒரு நொடியை யாரும் வெட்டக்கூடாது. பிறகு மூச்சு, தோள் கொஞ்சம் கீழே இறங்கும், அதற்கு 12 ஃப்ரேம் கொடு. தூக்கு 18 முதல் 20 ஃப்ரேம்: தொடக்கத்தில் தாள்கள் நெருக்கமாக, நடுவில் அகலமாக, தலையில் உட்காரும்போது மறுபடி நெருக்கமாக. அமர்ந்தபின் 8 ஃப்ரேமுக்குக் கூடை ஒரு இம்மி இறங்கிக் கழுத்து விறைக்கும். கண் நிலைத்து நிற்கும், ஏனென்றால் சுமை ஏறியவள் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புவாள். முதல் இரண்டு அடி குட்டை. கம்ப்யூட்டரை இன்பிட்வீன் போடவிட்டால் இடைவெளி எல்லாம் சமமாகிவிடும், எடை போய்விடும். இந்த ஒரு கட்டை முழுசாக, பிஜியும் நிறமும் ஒலியும் சேர்த்து முடித்துவிட்டு, அதற்கு ஆன நாளை வைத்து மற்றதற்கு விலை சொல்.

பிஜிக்கு போஸ்டர் கலர்தான் என்றால் கசுவோ ஓகாவின் மரங்களைப் பார். டோடோரோவுக்கு (1988) கலை இயக்குநர் அவர். முதலில் மொத்த இருட்டுத் திரள், அதன்மேல் நடு நிறம், கடைசியில் வெயில் படும் இலைக் கொத்துகள் மட்டும். நமக்கு மரத்துக்குப் பதில் படகும் வலையும் தார்ப்பாயும். நிழலில் கறுப்பைச் சேர்க்காதே, நீலமும் ஊதாவும் போதும். வானத்துக்குத் தடித்த தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி, ஈரம் இருக்கும்போதே அகலத் தூரிகையால் மேலிருந்து கீழே இழு. நம் ஊரில் இரண்டு இடைஞ்சல். கோடையில் ஃபேனுக்குக் கீழே தாள் பாதியிலேயே காய்ந்து பட்டை விழும், ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய். ஐப்பசி மழையில் காயவே காயாது, அவசரப்பட்டு மேல்பூச்சு கொடுத்தால் கீழ்ப்பூச்சு கரைந்து சேறாகும். ஒரு இழுப்பில் விடு, தேய்க்காதே. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மாறும், ஓரத் துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுப் போடு.

விடிவதற்கு முன் விளக்குக் கம்பத்தின் ஒளியும், பிறகு கடலிலிருந்து நேராக வரும் வெயிலும் ஒரே முகத்தில் வேறு வேறு நிறம் போடும். அதனால் ஆயாவுக்கும் பேத்திக்கும் விடியலுக்கு முன், விடியல், வெயில் என மூன்று கலர் சார்ட் (நிறப் பட்டியல்) தனித்தனியே வேண்டும். மறைந்த மிச்சியோ யசுதா பல்லாண்டு ஜிப்லியில் செய்த வேலை இதுதான். ஒரே சார்ட்டைக் காம்பில் (ஆட்களையும் பிஜியையும் சேர்க்கும் கட்டத்தில்) இருட்டடித்து ஒப்பேற்றினால் ஆட்கள் பிஜியிலிருந்து பிய்ந்து தெரிவார்கள். ஈரச் சிமெண்ட் தரையில் விழும் பிம்பத்தையும் தெற்கே துறைமுகத்துக் கிரேன்களையும் லேஅவுட்டிலேயே, அதாவது கட்டின் அமைப்பை வரையும்போதே, முடிவு செய். பின்னால் சேர்த்தால் ஒட்டாது.

தாள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும், விளக்கு ஊடுருவ 70 ஜிஎஸ்எம் போதும். ஒரே பெக் (தாளைப் பிடிக்கும் முளை) அளவில் எல்லாத் தாளையும் துளையிடு, ஜப்பான் பெக்கும் அமெரிக்க அக்மே பெக்கும் கலந்தால் பொருந்தாது. கடற்காற்றில் தாள் ஈரம் குடித்துத் துளை தளர்ந்து கோடு நடுங்கும். டின் பெட்டியில் சிலிகா பையோடு மூடி வை. ஸ்கேனர் கண்ணாடியில் பெக் பாரை ஒட்டிவிட்டுக் கையால் வை, தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனர் கோணத்தை மாற்றிவிடும். மிச்சத்தை ஓபன்டூன்ஸ் துளையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

ஒலியை விடியற்காலையில் அங்கேயே பதிவு செய்: ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக் குரல், இன்ஜின். இசையமைப்பாளருக்கு முடிந்த படத்தைக் கொடுக்காமல் முதலில் இமேஜ் போர்டுகளை (படத்தின் உணர்வைக் காட்டும் ஓவியங்களை) கொடு. மியாசாகியின் இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷி, நௌசிகா படக் காலத்திலிருந்து அப்படித்தான் முன்கூட்டியே இமேஜ் ஆல்பம் செய்வார். முதல் நிமிடத்தில் இசையே வேண்டாம் என்பது என் கருத்து. சுமை ஏறும் கட்டில் ஆயாவின் மூச்சு கேட்க வேண்டும்.

திருத்துவது யார் என்று இன்றே முடிவு செய். நீயே செய்வதானால் உனக்கென்று தனியாக ஒரு கட்டும் எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு கீயின் மேலும் மெல்லிய மஞ்சள் தாளை வைத்து எடை, பார்வை, கை இந்த மூன்றை மட்டும் திருத்து. முகச்சாயலை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். இருவர் திருத்தினால் ஆயாவின் நடை கட்டுக்குக் கட்டு மாறும்.

லேஅவுட் முதல் பத்தும் வந்ததும் அனுப்பு, கண்மட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்து எழுதுகிறேன். வாடிக்கையாளரிடம் நாள் கேட்கும்போது இந்தக் கணக்கையே காட்டு. காசிமேட்டுக்கு வருகிற நாட்களில் எல்லோருக்கும் நம் வீட்டு மாடியில் இடமிருக்கிறது.

அன்புடன்,
தேசிங்கு