ஏபிஎஸ் லைட் எரிந்தால் உடனே யூனிட்டை மாற்ற வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திடீரென்று பிரேக் அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ். டேஷ்போர்டில் அதன் மஞ்சள் லைட் அணையாமல் எரிகிறது என்று போனால், சில ஒர்க்‌ஷாப்களில் எடுத்த எடுப்பிலேயே "யூனிட் போயிடுச்சு சார்" என்று, ஏபிஎஸ்ஸின் கம்ப்யூட்டரும் பம்பும் சேர்ந்த பெட்டியையே மாற்றச் சொல்லி ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் நீட்டிவிடுகிறார்கள். நான் கார் எலக்ட்ரீஷியன். என்னிடம் வரும் வண்டிகளில் யூனிட் உண்மையிலேயே பழுதாகியிருப்பது அபூர்வம்தான். பெரும்பாலும் கோளாறு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கிற சென்சாரிலோ அதன் வயரிலோ. இதை வெளியே சொல்கிறானே என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். மஞ்சள் லைட் மட்டும் எரிந்தால் பிரேக் போய்விட்டது என்று பொருளில்லை, பழைய கார்களைப் போல சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் சட்டென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிப் போகும், அதனால் நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் கதை வேறு. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், எங்காவது ஒழுகலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பியூஸைப் பார்த்துவிட்டு, காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கி போனோடு இணைக்கிற சின்ன ஸ்கேனர்களில் பல இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ்ஸுக்குத் தனி கம்ப்யூட்டர், அதைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். உதாரணமாக, ஸ்கேனரில் சி 0035 என்ற கோளாறு கோட் நம்பர் வந்தால் முன்பக்க இடது சக்கரத்தின் சென்சார் சர்க்யூட். சர்க்யூட் என்றால் சென்சார், வயர், இரண்டையும் இணைக்கிற கப்ளர் எல்லாமே அதில் அடக்கம், ஆனால் நம்மவர்கள் கோட் நம்பரைப் பார்த்ததும் சென்சாரை வாங்கி மாட்டிவிட்டு, லைட் அணையவில்லை என்றதும் அடுத்தது யூனிட் என்கிறார்கள். நடுவில் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்கேனரில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் பார்க்க வேண்டும். மூன்று 20 காட்டி ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினாலோ தாவித் தாவிக் காட்டினாலோ, எந்தச் சக்கரத்தைக் கழற்றுவது என்ற கேள்வியே இல்லை.

அங்கே போய்ப் பார்த்தால் பாதிக் கதை எலியோடது. தெருவில் நிற்கிற வண்டி என்றால் வயரைக் கடித்துத் துப்பியிருக்கும். முன்சக்கர வயர் ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி, மேலே ரப்பர் நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். முழுசாகத் திருப்பும்போது மட்டும் லைட் வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கும். பழைய மாடல் சென்சார் வெறும் கம்பிச்சுருள்தான், மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தால் தெரிந்துவிடும். புது மாடலில் உள்ளே எலக்ட்ரானிக்ஸ், அதற்கு ஓம்ஸ் பார்ப்பதில் பயனில்லை, வயரில் வோல்ட்டேஜ் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வீல் பேரிங் மாற்றிய கையோடு லைட் வந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள். இப்போது பல கார்களில் சென்சார் படிக்கிற காந்த வளையம் பேரிங்கின் ஒரு முகத்திலேயே இருக்கிறது, பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடித்துவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் அதை வெளியே எடுக்கும்போது பேரிங்கும் கெட்டுவிடும், அந்தச் செலவையும் வண்டிக்காரர் தலையிலேயே கட்டுவார்கள். காந்த வளையத்துக்குப் பதில் பல் வைத்த இரும்பு வளையம் உள்ள வண்டிகளில் துருவேறி அதில் விரிசல் விழும். அப்போது லைட்டே எரியாமல், சிக்னலில் மெதுவாக நிறுத்தப் போகும் கடைசி நொடியில் பெடல் கடகடவென்று அதிரும், சக்கரம் வழுக்குவதாக நினைத்து ஏபிஎஸ் தேவையில்லாமல் இறங்கிவிடுகிறது. பிரேக் டிஸ்க்கை மாற்றியும் போகாத அதிர்வு என்று வருகிறவர்களுக்கு இதையும் பார்க்கச் சொல்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லைட் வந்தால் பேட்டரியை செக் செய்யுங்கள், வோல்ட்டேஜ் இறங்கினாலும் ஏபிஎஸ் கோபித்துக்கொள்ளும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம், அதனால் இனி செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் இந்த லைட் இருக்கும், அதை மறைக்கிற வித்தையும் கூடவே வரும். சாவியை ஆன் செய்ததும் லைட் எரிந்து, பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடாமலேயே சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற அதே நொடியில் பேட்டரி லைட்டோடு ஜோடியாக அணைந்தால், வயரை அதோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம், ஸ்கேன் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் கோட் நம்பரை அழித்தால் மட்டும் சில வண்டிகளில் லைட் போகாது, கொஞ்ச தூரம் ஓட்டி நான்கு சக்கரமும் சரியாகப் படிக்கிறது என்று கம்ப்யூட்டர் பார்த்த பிறகே அணையும். அதனால் ஒர்க்‌ஷாப் வாசலில் பணம் கொடுக்காமல், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போய்வந்து, கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்கொண்டு பில்லைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
ஈரோடு.