சோல் இசைக்குச் சிம்பொனி அரங்கு தயாரா?

ஆசிரியருக்கு,

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்தும் ப்ளூஸிலிருந்தும் பிறந்த சோல் இசையின் பாடகர்கள், சிம்பொனி இசைக்குழுவோடு மேடையேறுவது புதுமை என்கிறார்கள். உறவு பழையது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய சோல் இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் வயலின் வாசித்தவர்களில் பலர் அந்நகரின் சிம்பொனி இசைக்குழுக் கலைஞர்களே. அந்த இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞர் கார்டன் ஸ்டேபிள்ஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 2022இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் சோல் பாடகி அரீதா பிராங்க்ளினின் பாடல்களைப் பாடகி ஷெலேயா பாட, ஜூல்ஸ் பக்லி இசைக்குழுவை நடத்தினார்.

சிக்கல் அரங்கில்தான். சிம்பொனி அரங்குகளில் ஒலி அடங்க ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நான்கு தட்டில் இரண்டிலும் நான்கிலும் விழும் ஸ்நேர் டிரம் அடி அதில் கூழாகிவிடும். சுவர்களில் கனத்த திரை வேண்டும். டிரம்ஸைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பும் வேண்டும். இல்லையேல் வயலின் மைக்குகள் டிரம்ஸைத்தான் வாங்கும்.

ஒலி 10 மீட்டர் கடக்கச் சுமார் 29 மில்லி விநாடி. பின்வரிசை டிராம்போன்காரர் டிரம்ஸைக் காதால் கேட்டு வாசித்தால் பிந்திவிடுவார். எனவே டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ நான்கும் இசைக்குழு நடத்துநர் அருகே நெருங்கி அமர, மற்றவர்களுக்கு இயர்போனில் கிளிக் (சீரான வேகம் காட்டும் ‘டிக்’ ஒலி) கொடுப்பது நல்லது. ஆனால் கிளிக் ஓடினால் பாடகர் வேகத்தை இழுத்துப் பிடிக்க முடியாது. சோலில் அது பெரிய இழப்பு!

இறுதிப் பல்லவியைப் பாடகர் எத்தனை சுற்று நீட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ‘சைகை வரும்வரை’ திரும்ப வாசிக்கும்படி நோட்ஸ் தாளில் குறித்திருக்க வேண்டும். சுருதியையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒத்திகையன்று அரைச் சுரம் இறக்கினால்கூட எல்லோருடைய தாள்களும் மறுபடி அச்சாக வேண்டும்.

இப்படிக்கு,
மேடை ஒலியமைப்பாளர் ஒருவர்